முட்டுக் கொடுக்க வந்தவன்

கோபம் வந்தால் அவளுக்கு மூக்கு நுனி சிவக்கும் என்று பட்டறையில் சொல்வார்கள். சுத்தப் பொய். மூக்கு சிவக்கிற அளவுக்கு அவள் எங்கே அவகாசம் கொடுத்தாள்? அதற்குள் வாய் திறந்துவிடும். அந்தப் பட்டறையில் வண்டிகளின் கரண்ட் வேலை முழுக்க அவள் கையில்தான். விளக்கு எரியவில்லை, ஹாரன் அடிக்கவில்லை, செல்ஃப் எடுக்கவில்லை என்று வருகிறவர்கள், "வயரிங் அம்மா இருக்காங்களா?" என்று கேட்டுக்கொண்டேதான் உள்ளே நுழைவார்கள். அவள் கணவன் அங்கேயே மெக்கானிக். பட்டறை அவனுடைய அண்ணனுடையது. வீட்டில் அவர் பெரியவர் என்பதால் பட்டறையில் அவரை எதிர்த்துப் பேசக் கூடாது. பட்டறையில் அவர் முதலாளி என்பதால் வீட்டிலும் எதிர்த்துப் பேசக் கூடாது. இந்த ஏற்பாட்டை யார் கண்டுபிடித்தார்களோ தெரியாது, பெரியவருக்கு அது ரொம்ப வசதியாக இருந்தது.

அன்று காலை அவள் வாய் திறந்ததற்குக் காரணம், சுவரோரம் சாத்தியிருக்க வேண்டிய முட்டு அங்கே இல்லை.

முட்டு என்பது பெரிய சமாசாரம் ஒன்றும் இல்லை. கனமான இரும்புக் குழாய், இரண்டு முனையிலும் தகடு வைத்துப் பற்றவைத்தது. மண் அடிக்கிற டிப்பர் லாரி வேலைக்கு வந்தால், அதன் தொட்டியை மேலே தூக்கி, வண்டிச் சட்டத்துக்கும் தொட்டிக்கும் நடுவே அந்த இரும்பை நிறுத்திய பிறகுதான் ஆள் அடியில் நுழைய வேண்டும். தூக்கிய தொட்டியைத் தாங்கிக்கொண்டிருப்பது, அதைத் தூக்குகிற ஜாக்கிக்குள் இருக்கிற எண்ணெய்தான். எண்ணெய்க் குழாய் வெடித்தாலோ, டிரைவர் லீவரைத் தட்டிவிட்டாலோ எண்ணெய் பின்வாங்கும், தொட்டி இறங்கும். அடியில் இருப்பது கல்லா, கல்யாணம் ஆனவனா என்று தொட்டி விசாரித்துக்கொண்டிருக்காது.

"மாமா, முட்டை எங்க?" என்று கேட்டாள். கணவனின் அண்ணனை அவள் மாமா என்றுதான் கூப்பிடுவாள்.

"காலங்காத்தாலயே முட்டையா? அவிச்சதா, ஆம்லெட்டா?" என்றார் பெரியவர். அவரே சிரித்துக்கொண்டார். அவள் கணவனும் சிரித்தான். அண்ணன் சொல்கிற நகைச்சுவைக்கு அவன் சிரிக்காமல் இருந்து அவள் பார்த்ததில்லை.

"இரும்பு முட்டு மாமா. டிப்பருக்குக் கொடுக்கிறது."

"ஓ, அதுவா. மரக்கடைக்காரர் வாங்கிட்டுப் போனாரு. அவர் கொட்டகையில கூரை ஒரு பக்கமா இறங்கிருச்சாம். சாயங்காலம் வந்துரும்."

"அதுவரைக்கும் டிப்பர் வந்தா?"

"வந்தா பார்த்துக்கலாம்மா. வராத வண்டிக்கு இப்பவே எதுக்கு மல்லுக்கு நிக்கிற?"

அவள் பல்லைக் கடித்துக்கொண்டு தன் வேலைக்குப் போனாள். ஒரு பழைய காரின் முன்பக்கத்தைத் திறந்து, எலி கடித்துப் போட்ட வயர்களை ஒவ்வொன்றாக எடுத்து ஒட்டிக்கொண்டிருந்தாள். எலியை வாய்க்கு வந்தபடி திட்டினாள். திட்டு எலிக்குத்தானா என்று பக்கத்தில் இருந்தவர்களுக்குச் சந்தேகம் வந்திருக்கும்.

வராது என்று சொன்ன வண்டி வந்தது. டிப்பர்தான். தொட்டியைத் தூக்குகிற எண்ணெய்க் குழாயில், ஜாக்கியோடு சேர்கிற இடத்தில் கசிவு. லாரிக்குச் சொந்தக்காரர் டிரைவரைப் போனில் விரட்டிக்கொண்டே இருந்தார். பெரியவர் எட்டிப் பார்த்தார். "ஒரு நட்டு லூசா இருக்கு. முறுக்கிவிட்டா முடிஞ்சது. தம்பி, போய்ப் பாரு" என்றார்.

தம்பி போனான். ஸ்பானரையும் கைவிளக்கையும் எடுத்துக்கொண்டு, ஏன் எதற்கு என்று ஒரு வார்த்தை கேட்காமல் போனான்.

அவள் காரிலிருந்து தலையை நிமிர்த்தியபோது தொட்டி மேலே நின்றது. இன்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. டிரைவர் ஒரு கையை லீவர்மேல் போட்டுக்கொண்டு மறு கையில் போனைப் பார்த்துக்கொண்டிருந்தான். அவள் கணவன் வண்டிச் சட்டத்தின்மேல் வயிற்றை வைத்துக் குப்புறக் கிடந்தான். கால் மட்டும்தான் வெளியே தெரிந்தது. தலை, கை, நெஞ்சு எல்லாம் தொட்டிக்கு அடியில். எந்த எண்ணெய் அந்தத் தொட்டியைத் தாங்கிக்கொண்டிருந்ததோ, அந்த எண்ணெய் ஓடுகிற குழாயின் நட்டைத்தான் முறுக்கிக்கொண்டிருந்தான்.

"ஏங்க! வெளிய வாங்க!"

"ரெண்டு நிமிஷம்டி."

"வெளிய வாங்கன்னு சொல்றேன்ல!"

"ரெண்டே நிமிஷம்."

இந்த ரெண்டு நிமிஷத்தைக் கொண்டுபோய்த்தான் குப்பையில் போட வேண்டும். நாள் முழுக்க ஆகிற வேலை என்றால் ஆள் யோசிப்பான், கட்டை வைப்பான், சாவியை எடுத்துப் பையில் போட்டுக்கொள்வான். விரல் போனவன், கால் போனவன், ஆளே போனவன் எவனைக் கேட்டாலும் ரெண்டு நிமிஷ வேலைக்குத்தான் உள்ளே போயிருப்பான். ஆளே போனவனை எங்கே கேட்பது, அவன் பெண்டாட்டியைத்தான் கேட்க வேண்டும்.

அவள் கையில் இருந்த வயரை வீசிவிட்டு நேராகப் பெரியவரிடம் போனாள்.

"அவரை வெளிய வரச் சொல்லுங்க மாமா. நான் சொன்னா கேக்க மாட்டாரு."

"ஒரு நட்டும்மா."

"மரக்கடைக்காரர் கூரை விழக் கூடாது, உங்க தம்பி தலையில தொட்டி விழலாமா?"

"வாயைக் கழுவு முதல்ல! நல்ல வார்த்தையே வராதா உனக்கு?" பெரியவருக்கும் சூடு ஏறிவிட்டது. "நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே நான் டிப்பர் பார்த்தவன். எனக்கு நீ பாடம் எடுக்கிறியா?"

"பார்த்தவர்தானே, அப்புறம் எதுக்கு முட்டைத் தூக்கிக் கண்டவனுக்குக் கொடுத்தீங்க? அது என்ன குடையா, இரவல் கொடுக்க?"

இன்ஜின் சத்தத்துக்கு மேலே போக வேண்டும் என்பதால் இருவரும் கத்திக்கொண்டிருந்தார்கள். தொட்டிக்கு அடியில் கிடந்தவனுக்கு மனைவியின் குரல் நன்றாகவே கேட்டது. 'வெளிய வாங்க' என்று அவள் ரெண்டு தடவை கூப்பிட்டபோது வராதவன், அண்ணனை ஒரு வார்த்தை சொன்னதும் சட்டத்திலிருந்து குதித்து ஓடி வந்தான். ஸ்பானரைத் தரையில் எறிந்தான். கைவிளக்கை உள்ளேயே போட்டுவிட்டான்.

"ஏய், யார்கிட்ட பேசுறோம்னு தெரிஞ்சு பேசு! அண்ணே, நீங்க இருங்க, நான் பேசிக்கிறேன்." இருவருக்கும் நடுவே வந்து நின்றான். "அண்ணன் பழைய ஆளு. இந்த முட்டு, கட்டை எல்லாம் அவருக்கு என்ன தெரியும்? அவங்க காலத்துல அப்படியே வேலை பார்த்தாங்க. மனசுல ஒண்ணும் வச்சுக்கிட்டுச் சொல்ற ஆளா அவரு?"

ஒருவன் செய்த தப்பை இன்னொருவன் தாங்கிப் பேசினால் அதையும் முட்டுக் கொடுப்பது என்றுதான் சொல்கிறார்கள். அவள் கணவன் அதில் கெட்டிக்காரன். தொட்டிக்கு இல்லாத முட்டு அண்ணனுக்கு எப்போதும் உண்டு.

"நல்லாக் கொடுங்க முட்டு! உங்க உசுரைப் பத்திப் பேசிக்கிட்டிருக்கேன், நீங்க என்னடான்னா..."

அவன் கையை ஓங்கிவிடுவானோ என்று பெரியவருக்குப் பயம் வந்திருக்க வேண்டும். தம்பியின் தோளைப் பிடித்து இழுத்து, சண்டையை நிறுத்துகிற பெரிய மனிதராக, தொண்டை கிழியக் கத்தினார்: "சரிடா, விடு! விடு! விடுங்கிறேன்ல!"

அந்தப் பட்டறையில் தொட்டியைத் தூக்கச் சொல்ல 'ஏத்து' என்பார்கள். இறக்கச் சொல்ல 'விடு' என்பார்கள். முதலாளி மூன்று தடவை விடு என்று கத்தினால் எந்த டிரைவர் காத்திருப்பான்? போனிலிருந்து கண்ணை எடுக்காமலே லீவரைத் தள்ளிவிட்டான்.

முதலில் எண்ணெய் சீறுகிற சத்தம். அதைத் தொடர்ந்து, தொட்டி மொத்தமாக வந்து சட்டத்தில் உட்கார்ந்தது. தரை அதிர்ந்தது. கூரைத் தகரத்தில் இருந்த தூசி எல்லாம் அவர்கள் தலையில் கொட்டியது. கைவிளக்கு உள்ளே நொறுங்குகிற சத்தம் தனியாகக் கேட்டது.

மூன்று பேரும் லாரியைப் பார்த்தார்கள். தொட்டிக்கும் சட்டத்துக்கும் நடுவே விரல் நுழையக்கூட இடம் இல்லை. கைவிளக்கின் வயர் மட்டும் வெளியே தொங்கியது.

டிரைவர் கீழே குதித்து வந்தான். முகம் வெளிறியிருந்தது. "அண்ணே, நீங்கதானே விடுன்னு சொன்னீங்க?"

"சண்டையை விடச் சொன்னேன்டா முட்டாளே!"

"எனக்கு என்னண்ணே தெரியும்? விடுன்னா இறக்குறதுதானே?"

பெரியவர் வாயைத் துடைத்துக்கொண்டு சிரித்தார். "தம்பிக்கு ஆயுசு கெட்டி" என்றார். டிரைவரும் சிரித்தான். அவள் கணவனும், நம்பத்தான் முடியாது, சிரித்தான். "எனக்கு ஒண்ணும் ஆகாதுண்ணே" என்றான்.

அவள் பக்கத்தில் கிடந்த டயர்மேல் உட்கார்ந்துவிட்டாள். இவன் பிழைத்தது ஜாக்கிரதையால் அல்ல, புத்தியால் அல்ல, பெண்டாட்டி கூப்பிட்டு வந்ததாலும் அல்ல. அண்ணனுக்கு வக்காலத்து வாங்க ஓடி வந்தான், அதனால் பிழைத்தான். அவள் வாயை அடக்கிக்கொண்டு காரிலேயே குனிந்திருந்தால் இந்நேரம் இவனை எதில் அள்ளிக்கொண்டிருப்பார்கள்? அதை நினைத்தபோது அழுகை வரவில்லை. யாரையாவது அடிக்க வேண்டும் போல் இருந்தது. முதலில் யாரை என்பதில்தான் குழப்பம்.

பெரியவர் குழப்பத்தைத் தீர்த்து வைத்தார்.

"சரி சரி, ஆனது ஆச்சு. தொட்டியைத் தூக்கு. தம்பி, அந்த நட்டை முடிச்சிரு. லாரிக்காரர் வேற கத்திக்கிட்டிருக்காரு."

டிரைவர் ஏறி உட்கார்ந்தான். தொட்டி மறுபடி எழுந்தது. அவள் கணவன் குனிந்து தரையில் கிடந்த ஸ்பானரை எடுத்தான்.

குனிந்து எடுத்தான்! அவள் எழுந்த வேகத்தில் டயர் சறுக்கி நகர்ந்தது. அவன் கையிலிருந்து ஸ்பானரைப் பிடுங்கினாள். அவன், "ஏய்" என்பதற்குள் பெரியவரின் முன்னால் போய் நின்றாள். ஸ்பானரை நீட்டினாள்.

"நீங்க போங்க மாமா."

"என்னது?"

"ஒரு நட்டுதானே. ரெண்டு நிமிஷம்தானே. இவரு உள்ள போனதெல்லாம் போதும். இந்தத் தடவை நீங்க போங்க."

"என்ன பேச்சு இது? டேய், உன் பொண்டாட்டியைக் கொஞ்சம்..."

"அவரைக் கூப்பிடாதீங்க. நீ பொறக்கிறதுக்கு முன்னாடியே பார்த்தேன்னீங்களே, இப்ப நான் பார்க்கிறேன். போங்க."

டிரைவர் மேலே இருந்து பார்த்துக்கொண்டிருந்தான். தம்பி பார்த்துக்கொண்டிருந்தான். பெரியவரால் இனி மாட்டேன் என்று சொல்ல முடியாது. "இதுக்குப் போய் இவ்வளவு ஆர்ப்பாட்டம்" என்று முணுமுணுத்துக்கொண்டே ஸ்பானரைப் பிடுங்கினார். வேட்டியை மடித்துக் கட்டினார். விறுவிறுவென்று லாரிப் பக்கம் நடந்தார்.

சட்டத்தின்மேல் ஒரு கையை வைத்தார். தலையை உள்ளே நீட்டப் போனவர், அண்ணாந்து தொட்டியின் அடிப்பாகத்தைப் பார்த்தார். கையை எடுத்துவிட்டார்.

"ஏய், இன்ஜினை அணை" என்றார் டிரைவரிடம்.

அணைத்தான். பட்டறை அமைதியாகிவிட்டது.

"நீ கீழ இறங்கு. சாவியை எடுத்து என் கையில கொடு."

டிரைவர் இறங்கி வந்து கொடுத்தான். பெரியவர் சாவியைச் சட்டைப் பையில் போட்டு, பையின்மேல் ஒருமுறை தட்டிப் பார்த்துக்கொண்டார். தலையை மறுபடி நீட்டப் போனார். மறுபடி நிறுத்தினார்.

"சக்கரத்துக்குக் கல்லு வை. அந்த மூலையில கட்டை கிடக்கும் பாரு, பெருசா ரெண்டு எடுத்துட்டு வா. சட்டத்து மேல அடுக்கணும்."

டிரைவர் ஒரு கட்டையைத் தூக்கி வந்தான். பெரியவர் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். விரலால் ஒரு கீறலைத் தடவினார்.

"இது வேணாம். பிளந்திருக்கு, பாரம் தாங்காது. வேற நல்லதாப் பார்த்து எடு. குறுக்கும் நெடுக்குமா வைக்கணும், இல்லேன்னா உருண்டுரும்."

அவள் கணவனைத் திரும்பிப் பார்த்தாள். அவன் அவளைப் பார்க்கவில்லை. கையைத் துடைத்துக்கொண்டிருந்த துணி அப்படியே நின்றுவிட்டது. அண்ணனின் சட்டைப் பையைப் பார்த்தான், சக்கரத்தடியில் வைத்த கல்லைப் பார்த்தான், வேண்டாம் என்று ஒதுக்கிய கட்டையைப் பார்த்தான். அவன் முகத்தில் ரத்தம் ஏறுவது அவளுக்குத் தெரிந்தது.

"அண்ணே" என்றான்.

"இருடா, கட்டை வரட்டும்" என்றார் பெரியவர், திரும்பாமலே.

நினைவு தெரிந்த நாளிலிருந்து அண்ணனை அவன் 'நீங்க' என்றுதான் பேசியிருக்கிறான்.

"இத்தனையும் தெரிஞ்சு வச்சுக்கிட்டுத்தான் என்னை உள்ள அனுப்புனியா நீ?"