பாட்டுக்கு ஒரு வாய், அழைப்புக்கு ஒரு வாய்

மெத்தைக் கம்பெனியின் புகார் பிரிவில் இரண்டே பேர். அதில் ஒருவர் போதும், இன்னொருவரை அனுப்பிவிடலாம் என்று மேலிடம் முடிவு செய்துவிட்டது. யாரை என்பதை இன்றைய ஆன்லைன் கூட்டத்தில் டைரக்டரே சொல்வதாக ஏற்பாடு. இருவரில் ஒருவர் தாடிக்காரர். மற்றவர் நம்மாள்.

"இன்னைக்காவது வாயைத் திறந்து பேசுங்க" என்றாள் மனைவி, அவருடைய மேஜையைத் துடைத்துக்கொண்டே. "எதுக்கெடுத்தாலும் சரிங்க சரிங்கன்னு மண்டையை ஆட்டினா, இந்தாளு இருந்தா என்ன போனா என்னன்னுதான் நினைப்பாங்க. ரெண்டு பிள்ளைங்களை வெச்சுக்கிட்டு வேலை போச்சுன்னா என்ன பண்றது?"

"சரி" என்றார் நம்மாள்.

அவர் பேசாத ஆள் என்று நினைத்துவிடாதீர்கள். பேசுவார், வெளுத்து வாங்குவார், ஆனால் யார் காதிலும் விழாமல். அதற்கு வழி செய்தது மச்சினன் வாங்கிக் கொடுத்த வயரில்லாத ஹெட்செட். கம்ப்யூட்டரில் அதற்கு இரண்டு நிலை: பாட்டு, அழைப்பு. பாட்டில் வைத்தால் சத்தம் தேனாக இருக்கும், ஆனால் ஹெட்செட்டின் மைக் வேலை செய்யாது. அழைப்பில் வைத்தால் மைக் உயிர் பெறும், ஆனால் கேட்பது, பேசுவது எல்லாமே தகர டப்பாவுக்குள்ளிருந்து வருவது மாதிரி ஆகிவிடும். "பாட்டுல வெச்சுட்டா மைக் செத்துரும் மாமா" என்று மச்சினன் சொன்னதை வேதவாக்காகப் பிடித்துக்கொண்டார். அன்றிலிருந்து கூட்டம் என்றால் பாட்டு நிலைதான். மெல்ல ஒரு பாட்டு ஓடிக்கொண்டிருக்கும், மேனேஜர் அம்மாள் அளக்கும் அளப்புக்கெல்லாம் வாய்விட்டுப் பதிலடி கொடுப்பார். தன்னைக் கூப்பிட்டால் அழைப்பு நிலைக்குத் தாவி, "சரிங்க மேடம்" என்பார்.

மச்சினன் ஒரு அரைகுறை. ஹெட்செட்டின் மைக் செத்தால் கம்ப்யூட்டர் சும்மா இருக்குமா? தன் சொந்த மைக்கைத் திறந்து வைத்துக்கொள்ளும். இத்தனை நாள் குட்டு வெளிப்படாததற்குக் காரணம் மேனேஜர் அம்மாள்தான். தான் கூப்பிடும் ஆளைத் தவிர மற்ற எல்லாருடைய மைக்கையும் மூடிவிடுவார். இன்றோ டைரக்டர் காரில் போய்க்கொண்டே போனில் சேர்ந்துகொண்டு, "யாரையும் மூடாதீங்க, எல்லாரும் தாராளமா பேசட்டும்" என்று ஆரம்பத்திலேயே சொல்லிவிட்டார். நம்மாள் அப்போது மும்முரமாகப் பாட்டுத் தேடிக்கொண்டிருந்தார். பாவம், அது அவர் காதில் ஏறவில்லை.

"புது மெத்தை எப்படிப் போகுது?" என்று டைரக்டர் கேட்டார்.

"கஸ்டமருங்க எல்லாம் ரொம்ப சந்தோஷமா இருக்காங்க சார்" என்றார் மேனேஜர் அம்மாள்.

"சந்தோஷமா! இடுப்பைப் பிடிச்சுக்கிட்டு எழுந்திருக்க முடியாம கிடக்குறாங்கன்னு சொல்லு தாயே" என்றார் நம்மாள், நாற்காலியில் சாய்ந்து.

"இடுப்பா? ஏன்?" என்றது டைரக்டரின் குரல்.

பரவாயில்லையே, வேறு யாரோ தைரியசாலியும் இதையே சொல்கிறான் போலிருக்கிறது, பாட்டுச் சத்தத்தில் நமக்குக் கேட்கவில்லை என்று நினைத்துக்கொண்டார் நம்மாள். உற்சாகம் பிறந்துவிட்டது. "ஏனா? நடுவுல இருக்கிற ஃபோம் ஒரே மாசத்துல பள்ளமாகுது. அது மெத்தை இல்லய்யா, சாக்கு! உன்னை ஒரு ராத்திரி அதுல படுக்க வெச்சா தெரியும்!"

"பேசறது யாரு?" என்றார் டைரக்டர்.

காரில் இருந்தவருக்குத் திரை கிடையாது. யார் என்று மேனேஜர் அம்மாள் திரையில் பார்த்துவிட்டார். பார்த்தும், கெட்டிக்காரி, வேறு வழியில் போனார். "லைன்ல ஏதோ கோளாறு சார். புகார் பிரிவையே கேட்டுடலாம்" என்று நம்மாளையே கூப்பிட்டார். "புகாரெல்லாம் குறைஞ்சுடுச்சு இல்லையா?"

நம்மாள் பதறிப்போய் அழைப்பு நிலைக்குத் தாவினார். தகர டப்பாவுக்குள்ளிருந்து பணிவு ஒழுகியது. "சரிங்க மேடம். குறைஞ்சுடுச்சுங்க சார்."

"இவரும் புகார் பிரிவா?" என்றார் டைரக்டர். "அப்ப முன்னாடி பேசினது அங்க இருக்கிற இன்னொருத்தர்தான். முடிவு சுலபம். இந்த டப்பாக் குரல்காரரை அனுப்பிடுங்க. சாக்குன்னு சொன்னாரே, அவரு இருக்கட்டும்."

நம்மாளுக்கு அப்போதுதான் உறைத்தது. சாக்கு என்று சொன்னது நாம்தானே! அப்படியானால் அத்தனையும் வெளியே போயிருக்கிறதா? உன்னை, என்னை என்று டைரக்டரையே ஒருமையில் பேசியதுமா? வாயை மூடிக்கொண்டு இருந்தால் வேலை போகும், திறந்தால் மானமும் சேர்ந்து போகும். அந்த நேரம் பார்த்துத் தாடிக்காரர் தொண்டையைச் செருமினார். "சார், அது வந்து..."

அடப்பாவி, சாக்கைத் தன் கணக்கில் எழுதிக்கொள்ளப் பார்க்கிறானே! நம்மாள் ஹெட்செட்டை அணைத்து, கழற்றி மேஜையில் போட்டார். அறை வாசலில் மனைவி நின்றிருந்தாள்.

"சார், ரெண்டு பேரும் நான்தான்" என்றார், கம்ப்யூட்டரைப் பார்த்து, சொந்தக் குரலில். "யாருக்கும் கேட்காதுன்னு நினைச்சு மரியாதை இல்லாம பேசிட்டேன், அது தப்புதான். ஆனா மெத்தை சாக்குதான் சார்."

டைரக்டர் காரை ஓரமாக நிறுத்தச் சொன்னது கேட்டது.

"ரெண்டும் நீங்கன்னா, நான் யாரை அனுப்பறது?"

"சரிங்கன்னு சொன்னவனை அனுப்பிடுங்க சார். இத்தனை வருஷமா அவனால உங்களுக்கும் பிரயோஜனம் இல்ல, எனக்கும் இல்ல."

டைரக்டர் சிரித்தாரா, இருமினாரா தெரியவில்லை. "மேடம், எழுதிக்குங்க. புகார் பிரிவுல ஒரு ஆளைக் குறைச்சாச்சு. மீதி இருக்கிற ரெண்டு பேரும் நாளைக்கு ஃபேக்டரிக்கு வந்து அந்த மெத்தையைப் பிரிச்சுக் காட்டட்டும்."

தாடிக்காரர் விட்ட பெருமூச்சு எல்லார் காதிலும் விழுந்தது.