கழுத்து வரைக்கும்

“சம்பந்தி, காரு குடுத்தீங்க, செரி. உள்ள ஏறி உக்காந்தா ஒரே பெட்ரோல் நாத்தம், பங்க்ல படுத்திருக்கற மாதிரியே இருக்குதுங்களே. ஓடாததைத் தள்ளி உட்டுட்டீங்களாட்ட இருக்குது?”

“இல்லைங்க. நான் ஓட்டுன வரைக்கும் ஒரு கோளாறும் இல்லைங்க.”

“அப்ப எங்கூட்டு வாசலுக்கு வந்ததும் அதுக்கு நோவு வந்துருச்சாக்கும்.”

மாமனார் கந்தவேல் அப்படிச் சொன்னபோது சுகன்யா காபித் தட்டோடு நின்றிருந்தாள். மாமனாரின் கூட்டாளி, போர் போடும் ரிக் வண்டி வைத்திருக்கும் மாரியப்பன், வயிறு குலுங்கச் சிரித்தார். அவளுடைய அப்பா தங்கசாமி காபியைத் தொடவில்லை. “பஸ்ஸுக்கு நேரமாச்சும்மா” என்று எழுந்துவிட்டார். கணவன் யோகேஷ் கைபேசியிலிருந்து தலையைத் தூக்கவே இல்லை.

அதன் பிறகு அப்பா அந்த வீட்டுக்குள் கால் வைக்கவில்லை. கெங்கவல்லியிலிருந்து மரவள்ளிக்கிழங்கும் எலுமிச்சையும் கட்டிக்கொண்டு வருவார். நாமக்கல் பஸ் ஸ்டாண்டில் அவளை வரச்சொல்லிப் பையைக் கொடுத்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் ஏறிவிடுவார்.

“வீட்டுக்கு வாங்கப்பா, நான் கூப்பிடறேன்ல?”

“நீ கூப்பிட்டா அது மக கூப்பிடறது. கூப்பிட வேண்டியவரு கூப்பிடட்டும், வரேன்.”

கூப்பிட வேண்டியவரிடம் அதைக் கேட்க அவள் எத்தனையோ முறை வாய் திறந்திருக்கிறாள். ஒவ்வொரு முறையும் மாரியப்பனின் சிரிப்பு காதில் கேட்கும், கேட்க வந்தது உள்ளேயே போய்விடும். உள்ளே போனது சும்மாவும் இருக்கவில்லை. புளித்தது.

காரில் எஞ்சின் கோளாறைக் காட்டும் மஞ்சள் விளக்கு எரிந்துகொண்டே இருந்தது. ஒர்க்‌ஷாப்பில் “அது அப்படித்தாங்க, ஓட்டுங்க” என்றார்கள். சுகன்யா முட்டைப் பண்ணை ஒன்றின் அலுவலகத்தில் கணக்குப் பார்ப்பவள். கணக்கு இடித்தால் எங்கே இடிக்கிறது, எப்போதிலிருந்து இடிக்கிறது என்று தோண்டாமல் அவளுக்குச் சோறு இறங்காது. ஸ்டியரிங்குக்கு அடியில் சொருகும் சின்னக் கருவி ஒன்றைத் தருவித்தாள். கைபேசியில் பிழை வந்தது: பெட்ரோல் ஆவி போகும் வழியில் கோளாறு.

முதலில் டேங்க் மூடியைச் சந்தேகப்பட்டாள். புது மூடி போட்டதும் விளக்கு அணைந்தது. சில நாளில் மறுபடி எரிந்தது. பிறகுதான் ஒன்றைக் கவனித்தாள். வண்டி ஸ்டார்ட் ஆகாமல் முரண்டு பிடிப்பது பெட்ரோல் போட்ட கையோடுதான்.

எஞ்சின் ஆறியிருந்த ஒரு காலையில் பேட்டரி வயரைக் கழற்றிவிட்டு, ஆவியை எஞ்சினுக்கு விடும் குட்டி வால்வைக் கையில் எடுத்தாள். மின்சாரம் இல்லாதபோது அது மூடியிருக்க வேண்டும். சுத்தமான குழாய்த் துண்டைச் சொருகி ஊதினாள். காற்று தாராளமாகப் போனது. தட்டினால் கறுப்புத் துகள்கள் உதிர்ந்தன. அதோடு சேர்ந்த கரி டப்பாவை ஆட்டினாள். ஆவியை மட்டும் பிடித்து வைக்க வேண்டிய டப்பா, இளநீர் மாதிரி உள்ளே தளும்பியது.

“ஏனம்மிணி, மெக்கானிக் வேலைக்குப் போறயா? உங்கப்பன் வித்தையை நீ சரி பண்ணப்போறயாக்கும்” என்றார் கந்தவேல், பேப்பரை மடித்தபடி.

அவள் வால்வைத் திரும்ப மாட்டினாள். அந்த ஞாயிற்றுக்கிழமை அவரோடு பங்க்குக்குப் போனாள். காருக்குப் பெட்ரோல் போடுவது எப்போதும் அவர்தான். பெட்ரோல் ஊற்றும் கன் ‘டக்’கென்று நின்றது. “அதென்ன டக்குங்குது, ஊத்துப்பா. கழுத்து வரைக்கும் நிக்கோணும்” என்று சொல்லி இடுப்பால் காரை ஆட்டி ஆட்டி நிரப்பினார். குஜராத்துக்குப் போகும் தன் லாரிகளுக்கு டீசல் நிரப்பிப் பழகிய கை. லாரிக்கு அது சரி. இந்தக் காரிலோ மிஞ்சிய பெட்ரோல் கரி டப்பாவுக்குள் போய், கரியை நொறுக்கி, துகளை வால்வில் அடைத்தது; வால்வு மூடாமல் நின்றுவிட்டது. டேஷ்போர்டுக்குள் கிடந்த கையேட்டிலேயே முதல் ‘டக்’கோடு நிறுத்தச் சொல்லியிருந்தது. அப்பா அப்படித்தான் நிறுத்துவார்.

புது வால்வையும் டப்பாவையும் சேலத்தில் வாங்கினாள். மாட்டவில்லை. மாட்டினால் வண்டி மட்டும்தான் சரியாகும்.

டிக்கியில் இருந்த அட்டைப்பெட்டியை யோகேஷ் பார்த்துவிட்டான். “என்ன இது?”

“உங்கப்பாவுக்கு வாங்கி வெச்சிருக்கேன்.”

அவன் பெட்டியைப் பிரித்துப் பார்த்தான். அவளையும் பார்த்தான். டிக்கியை மூடினான்.

மோகனூரில் ஒரு நிச்சயதார்த்தம். மாமனாரோடு மூவரும் கிளம்பினார்கள். போகிற வழியில் அதே பங்க். டீக்கடைப் பக்கம் லாரி ஓனர்கள் நாலைந்து பேர், நடுவில் மாரியப்பன். அவர்களெல்லாம் அங்கே கூடும் நேரம் சுகன்யாவுக்குத் தெரியும். பெட்ரோல் போட்டுக்கொண்டு போகலாம் என்று சொன்னதே அவள்தான்.

கந்தவேல் ஆட்டி ஆட்டி நிரப்பியதில் பெட்ரோல் கழுத்து வரைக்கும் நின்றது. சாவியைத் திருப்பினான் யோகேஷ். எஞ்சின் இருமியது, நின்றது. மறுபடி இருமியது, நின்றது. பின்னால் வரிசையில் ஹாரன் அடித்தார்கள்.

“என்ன கந்தவேலு, தள்ளு வண்டியா?” என்றார் மாரியப்பன்.

“சம்பந்தி சீதனமுங்க. வேறெப்படி இருக்கும்?”

இதற்காகத்தான் காத்திருந்தாள். “தள்ளுங்க” என்றாள் யோகேஷிடம். பங்க்கைத் தாண்டி, வேப்பமரம் நிற்கும் காலிமனைக்கு வண்டியைத் தள்ளினார்கள். கூட்டாளிகள் டீ கிளாஸோடு பின்னாலேயே வந்தார்கள். சூடு ஆறும்வரை விட்டு, சுகன்யா பட்டுப்புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு பானெட்டைத் திறந்தாள். டப்பாவின் அடிப் போல்ட்டுக்கு அவள் கை எட்டவில்லை. யோகேஷ் சலவை வேட்டியோடு மண்ணில் மண்டியிட்டான்.

“ஸ்பேனரைக் குடு” என்றான்.

“வேட்டி போயிருமேடா” என்றார் கந்தவேல்.

“போகட்டுங்கப்பா.”

கழற்றிய டப்பாவை வாங்கி, டிக்கியில் கொண்டுவந்திருந்த கேனுக்கு மேலே கவிழ்த்தாள். கரி கலந்த பெட்ரோல் கொளகொளவென்று கொட்டியது. டீ குடிப்பது நின்றது.

“இதுக்குள்ள ஆவி மட்டுந்தான் இருக்கணும் மாமா. எங்கப்பா ஓட்டுன வரைக்கும் அப்படித்தான் இருந்துச்சு. நீங்க கழுத்து வரைக்கும் ஊத்துன பெட்ரோல் இது. மாரியப்பன் மாமா, கிட்ட வந்து மோந்து பாருங்க. அன்னிக்குச் சிரிச்சீங்கள்ல.”

மாரியப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “கந்தவேலு, உம்பட லாரிப் பழக்கமப்பா இது” என்றார். யாரோ சிரித்தார்கள். இந்த முறை அந்தச் சிரிப்பு அவள் காதில் தேனாக இறங்கியது.

புது டப்பா, புது வால்வு. ஆக்ஸிலேட்டரை முழுக்க அமுக்கி ஒரு தரம் சாவியைத் திருப்பினாள். எஞ்சின் உறுமிப் பிடித்துக்கொண்டது. கருவியைச் சொருகிப் பிழையை அழித்தாள். மஞ்சள் விளக்கு அணைந்தது.

கந்தவேல் கிட்டே வந்தார். முகம் சிறுத்திருந்தது. “தெரிஞ்சே வெச்சிருந்து இத்தன பேரு முன்னால பண்ணிப்போட்டயே அம்மிணி. இன்னும் என்ன வேணும் உனக்கு?”

கரி படிந்த விரல்களைப் புடவையிலேயே துடைத்துக்கொண்டு அவள் தன் கைபேசியை நீட்டினாள். அதில் அப்பாவின் எண் இருந்தது.

“எங்கப்பாவை ஊட்டுக்கு வந்து சாப்பிடச் சொல்லி நீங்க கூப்பிடுங்க மாமா. இவங்க எல்லாத்துக்கும் கேக்கற மாதிரி.”