சன்னலுக்கு வெளியே ஒரு சாட்சி

என் கணவருக்குத் தெருவில் ‘ஒண்ணாம் நம்பர்’ என்று பெயர். படிப்பில் வாங்கிய பெயர் அல்ல. எந்தத் தேர்தல் வந்தாலும் வாக்குச்சாவடிக் கதவு திறக்கும் முன்பே போய் வரிசையில் முதல் ஆளாக நிற்பவர். கல்யாணமான மறுவாரமே ஒரு தேர்தல். புதுப்பெண் என்றும் பார்க்காமல் விடியற்காலையில் என்னை எழுப்பி இழுத்துக்கொண்டு போனார். சீட்டைப் பெட்டிக்குள் போட்டதும் காதைச் சாய்த்துக் கேட்பார். விழுகிற சத்தம் கேட்டால்தான் அவர் கணக்கில் அது ஓட்டு.

இந்தத் தடவை ஊரெல்லாம் தொற்றுக் காய்ச்சல். எனக்குள் இருப்பதோ என் தங்கை கொடுத்த சிறுநீரகம். உடம்பு அதை வேற்றாள் என்று விரட்டிவிடாமல் இருக்க நான் விழுங்கும் மாத்திரை, வருகிற நோயையும் விரட்டவிடாது. “காய்ச்சல் வந்தா உங்களுக்குத் தாங்காது. வாசலைத் தாண்டாதீங்க” என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். நான் தபால் ஓட்டு கேட்டு எழுதிப் போட்டேன். என்னோடு ஒரே வீட்டில் இருப்பதால் இவரும் கேட்கலாம். கேட்டால்தானே!

“கவர்ல போட்டு அனுப்ப அது என்ன கல்யாணப் பத்திரிகையா?” என்றார்.

“நீங்க போய் காய்ச்சலை வாங்கிட்டு வந்தா எனக்குல்ல ஒட்டும்?”

“ஆள் போகாம ஓட்டா? எல்லாரும் இப்படி வீட்லயே உக்காந்துட்டா சாவடியையே இழுத்து மூடிடுவாங்க. அப்புறம் யார் எண்ணினா, யார் கிழிச்சான்னு யாருக்குத் தெரியும்?”

அவர் சொன்னதில் நியாயமே இல்லை என்று சொல்ல மாட்டேன். ஆனால் நியாயம் பேசியவருக்குச் சிறுநீரகம் இரண்டும் சொந்தமாக இருந்தன.

சண்டை போட்டு ஓய்ந்த பிறகு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். அவர் ஓட்டுவது பள்ளிக்கூட வேன். பள்ளிக்கூடம் மூடிவிட்டதால் வேன் எங்கள் சன்னலுக்குக் கீழே சும்மாதான் நின்றது. ஓட்டுப் போட்டுவிட்டு வந்து இரண்டு வாரம் அதிலேயே படுத்துக்கொள்கிறாராம். சாப்பாட்டை நான் சன்னல் திண்டில் வைத்துவிட்டு நகர்ந்துகொள்ள வேண்டுமாம். வீம்புக்கு எந்தக் கடையிலும் மருந்து கிடையாது. தலையணையை எடுத்துக் கொடுத்தேன்.

தேர்தலன்று இருட்டோடு போனவர் வெயில் ஏறித் திரும்பி வந்தார். வேனுக்குள்ளிருந்தே கத்தினார்.

“இன்னைக்கு ரெண்டாவது ஆளாயிட்டேன். ஒரு பெரியவர் எனக்கு முன்னாடியே வந்து போர்வையைப் போத்திட்டு உக்காந்திருந்தார். பாவம், இருமிட்டே இருந்தார்.”

“எவ்வளவு தள்ளி நின்னீங்க?”

வேன் கதவை இழுத்துச் சாத்திக்கொண்டார்.

அப்போதுதான் தபால்காரர் வந்து என் தபால் ஓட்டு உறையை வாசலில் போட்டுவிட்டுப் போனார். தபால் ஆபீஸில் பாதிப்பேர் காய்ச்சலில் படுத்ததால் இத்தனை தாமதம். அன்றைய தேதி முத்திரை விழுந்தால்தான் ஓட்டு செல்லும். தெருமுனைத் தபால் பெட்டியிலிருந்து சாயங்காலம்தான் எடுப்பார்கள் என்பதால் நேரம் இருந்தது. சிக்கல் வேறு இடத்தில் இருந்தது. நான் கையெழுத்துப் போடுவதை இன்னொரு வாக்காளர் கண்ணால் பார்த்துச் சாட்சிக் கையெழுத்துப் போட வேண்டும். மாடிவீட்டார் பூட்டிக்கொண்டு ஊருக்குப் போய்விட்டார்கள். பக்கத்து வீட்டில் குடும்பமே காய்ச்சலில் கிடந்தது. மிச்சம் இருந்தவர் தபால் ஓட்டை ஓட்டென்றே ஒப்பாத இவர்தான்.

“தபாலை நம்பாதேன்னு அப்பவே சொன்னேன்ல?” என்றார் வேனிலிருந்து.

எனக்கு எங்கிருந்துதான் அவ்வளவு கோபம் வந்ததோ.

“சரிங்க. நீங்க சொன்னதுதான் சரி. ஆள் போனாதான் ஓட்டு. இந்தக் கவரைத் திருப்பிக் கொடுத்துட்டா சாவடியிலேயே போடலாம்னு இதுல எழுதியிருக்கு. போயிட்டு வந்துடறேன்.”

முகமூடிக்கு மேல் இன்னொரு முகமூடி கட்டி, செருப்பை மாட்டிக்கொண்டு கதவைத் திறந்தேன். விளையாட்டுக்கு இல்லை. காய்ச்சலுக்குப் பயம்தான், ஆனாலும் ஓட்டை விட மனசு வரவில்லை.

அவர் வேனிலிருந்து குதித்து ஓடி வந்தார். பாதி வழியில் ஏதோ நினைவுக்கு வந்து, மளமளவென்று பின்வாங்கி, தெருநடுவில் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு நின்றார்.

“வேணாம்டி.”

“ஏன்? கவர்ல போட்டா அது ஓட்டே இல்லையே?”

“அவர் இருமினது இன்னும் என் காதுலயே நிக்குது. நீ போகாத.” முகமூடிக்குள் குரல் உடைந்தது. “கவர்ல போனாலும் ஓட்டுதான். சாட்சி நான் போடறேன். உள்ள போ.”

இத்தனை வருஷத்தில் அவர் தான் சொன்னதைத் தானே மாற்றிச் சொன்னது அதுதான் முதல் தடவை. நான் செருப்பைக் கழற்றினேன்.

கண்ணாடிச் சன்னலைச் சாத்திவிட்டு, “அந்தப் பக்கம் திரும்பிக்கோங்க” என்றேன். நல்ல பிள்ளையாகத் திரும்பி நின்றார். சீட்டில் குறியிட்டு உள்உறையில் போட்டு ஒட்டினேன். பிறகு அவரைக் கூப்பிட்டு, படிவத்தைக் கண்ணாடியில் அழுத்திப் பிடித்துக் கையெழுத்துப் போட்டேன். வெளியே அவர் கண்ணாடியோடு முகத்தை ஒட்டிக்கொண்டு ஒவ்வொரு எழுத்தாகப் பார்த்தார். எல்லாவற்றையும் திண்டில் வைத்து நான் உள்ளே நகர்ந்ததும், வேனின் முன்பக்கத்தில் வைத்துச் சாட்சி போட்டு, வெளிஉறையை ஒட்டிக்கொண்டு தெருமுனைக்கு நடந்தார்.

போனவர் திரும்பவில்லை. போன் பண்ணினேன்.

“பெட்டிகிட்டதான் நிக்கறேன். தபால்காரர் வந்து எடுக்கட்டும்.”

“சாயங்காலம் வரைக்குமா? வெயில் மண்டையைப் பொளக்குதுங்க.”

“நான்தானே சாட்சி?”

வெயில் தாழ்ந்து வந்து சன்னலுக்கு வெளியே நின்றார். “போயிடுச்சு” என்றார்.

“சத்தம் கேட்டுச்சா?”

“ரெண்டு தடவை. பெட்டியில விழுந்தப்ப ஒண்ணு, அவர் பையில கொட்டினப்ப ஒண்ணு.”

அந்த வாரம் முடிவதற்குள் வேனுக்குள்ளிருந்து இருமல் கேட்டது. ஆம்புலன்ஸ் வந்தபோது நான் கண்ணாடிக்கு இந்தப் பக்கம், அவர் அந்தப் பக்கம். அன்று மட்டும் அவர் படியேறி வீட்டுக்குள் வந்திருந்தால் இதைச் சொல்ல நான் இருந்திருக்க மாட்டேன். வேனில்தான் படுப்பேன் என்ற அந்த வீம்பைத்தான் நான் அவ்வளவு திட்டியிருந்தேன்.

அவர் ஆஸ்பத்திரியில் இருக்கும்போதே ஓட்டு எண்ணினார்கள். நாங்கள் ஓட்டுப் போட்ட ஆள் படுதோல்வி. எங்கள் இரண்டு ஓட்டால் அதில் எதுவும் மாறிவிடவில்லை. “உங்க வீட்டுக்காரர் தேறிடுவார்” என்று நர்ஸ் சொல்லி, போனை இவர் காதில் வைத்தார்.

“உன் கவரை எண்ணினாங்களா?” இதுதான் முதல் கேள்வி.

“அது எப்படிங்க எனக்குத் தெரியும்? நீங்க பெட்டியில போட்டதை மட்டும் எண்ணினாங்கன்னு பார்த்தீங்களா?”

அவர் இருமி முடிக்கட்டும் என்று காத்திருந்தேன்.

“நீங்க வந்து சேருங்க, அது போதும். அடுத்த தடவை ரெண்டு கவரா வாங்கறேன்” என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது.

“வாங்கு. தபால் பெட்டிகிட்ட நான்தான் மொத ஆளா நிப்பேன்.”

இதைச் சொல்லி முடிப்பதற்குள் அவருக்கு மூன்று தடவை மூச்சு வாங்கியது. அதற்கு மேல் பேச முடியவில்லை. நர்ஸ் போனை எடுக்கும் வரை நான் காதை அழுத்தி வைத்துக்கொண்டு அந்தச் சத்தத்தையே கேட்டுக்கொண்டிருந்தேன்.