கப்பல் பட்டியலில் இரண்டு வரி

திராய்ப் போரைப் பாடிய கண்ணில்லாத கவிஞரின் வம்சம் நாங்கள். கியோஸ் தீவில் இருக்கிறோம். அவர் பாட்டில் யாருக்குச் சந்தேகம் வந்தாலும் எங்கள் வீட்டுக்குத்தான் வரவேண்டும். அந்த வீட்டுக்கு இப்போது மூத்தவன் நான், திமாந்தர். நடந்ததைப் பிறர் வாயால் நீங்கள் கேட்பதைவிட நானே சொல்லிவிடுகிறேன்.

என் மகள் கிளைத்தோவைக் கடல் தாண்டி எவோயாத் தீவில், எலயா என்ற ஊரில் கட்டிக்கொடுத்திருந்தேன். அந்த ஊருக்கும் பக்கத்து ஊரான பித்யோனுக்கும் ஆட்டுமுனை என்ற நிலத்தின்மேல் இரண்டு தலைமுறைச் சண்டை. கோடையில் வற்றாத ஊற்று அங்கே மட்டும்தான் உண்டு. ஒன்பது பேர் செத்த பிறகு, நாக்சோஸ் தீவிலிருந்து மூன்று நடுவர்களை அழைத்தார்கள். வேறு சாட்சி இல்லாததால் எங்கள் பாட்டனான அந்தக் கவிஞரின் பாட்டே சாட்சி என்று முடிவாயிற்று. திராய்க்குப் போன கப்பல்களின் பட்டியலில் ஆட்டுமுனையைப் பித்யோனின் துறை என்று அவர் பாடியிருந்தால் நிலம் பித்யோனுக்கு. இல்லையென்றால் இப்போது மேய்க்கிற எலயாவுக்கே. பாடிக்காட்ட என்னை வரவழைத்தார்கள்.

அன்று காலை கிளைத்தோ வாற்கோதுமைக் கஞ்சியில் பாலாடைக்கட்டியைத் துருவிக்கொண்டே பேச்சை எடுத்தாள்.

"அப்பா, பித்யோன்காரங்ககிட்ட ஏதோ சுருள் இருக்காம். ஆட்டுமுனை அவங்களோடதுன்னு அதுல ரெண்டு வரி இருக்காம்."

"இருந்தா அடுப்புல போடச் சொல்லு. நம்ம பாட்டுல அப்படி வரியே கிடையாது."

"அவங்களுக்கு ரெண்டு இருந்தா நீங்க எங்களுக்கு ரெண்டு சொல்லுங்களேன். நீங்க சொன்னா யாரு இல்லேங்கப் போறா?"

"யார் வீட்டுப் பொண்ணுன்னு மறந்துட்டியா?"

"மறக்கலப்பா. நூத்திநாப்பது ஆடு இருக்கு. நான் யார் வீட்டுப் பொண்ணுன்னு சொல்லியா அதுங்களுக்குத் தண்ணி காட்டறது?"

நான் கஞ்சியைக் குடிக்காமல் எழுந்துவிட்டேன்.

சந்தையில் இரு ஊரும் கூடியிருந்தன. என் தந்தை எனக்குச் சொன்னபடி, ஒரு சொல் கூடாமல் குறையாமல் கப்பல் பட்டியலைப் பாடினேன். எவோயாவின் கப்பல்கள் வந்தன, போயின. ஆட்டுமுனை வரவில்லை. எலயாக்காரர்கள் ஒருவரையொருவர் தட்டிக்கொடுத்தார்கள்.

பித்யோனின் சார்பாகப் பெரிலாஸ் எழுந்தான். சூரை மீன் வலைக்காரன்.

"தாத்தா, நடுவுல ரெண்டு பல்லு விழுந்துடுச்சே."

ஊரே சிரித்தது. அவன் சுருளைப் பிரித்து வாசிக்கச் செய்தான். அந்த இரண்டு வரியையும் நான் அதற்குமுன் கேட்டதில்லை. கேட்டதும் யார் கட்டியது என்று தெரிந்துவிட்டது. காற்றைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு வரியை முடிப்பது என் தம்பி லிசானோரின் பழக்கம். நல்ல வரிகள். பாட்டன் கேட்டிருந்தால் வெட்கப்பட்டிருக்க மாட்டார்.

ஊர் ஊராகப் பாடப் போகிறவர்கள் விருந்து போட்டவரின் முன்னோருக்கு ஒரு வரி சேர்ப்பதுண்டு. விருந்தோடு அது போய்விடும். முப்பது வருடத்துக்கு முன் தம்பி தங்கள் விருந்தில் பாடியதைப் பித்யோன்காரர்கள் போகவிடாமல் எழுதிவைத்துவிட்டார்கள். எங்கள் வீட்டார் அப்படிச் சேர்ப்பதில்லை என்றுதான் நான் ஊரெல்லாம் சொல்லிவந்தேன்.

நடுவர்களில் மூத்தவரான அக்கேஸ்தோர் கேட்டார்: "பெரியவரே, இது உங்க வீட்டு ஆள் சொன்னதா?"

"என் தம்பி சொன்னது. பாட்டன் பாடினது இல்ல."

"தம்பியக் கூப்பிடலாமா?"

"செத்து மூணு வருஷமாச்சு."

"அப்ப உங்க பேச்சுக்கு என்ன ஆதாரம்?"

"என் ஞாபகம்."

"அவரும் உங்க அப்பாகிட்டதானே கத்துக்கிட்டார்? தம்பி ரெண்டு வரி சேர்த்தார்னு நீங்களே சொல்றீங்க. உங்க அப்பா சேர்க்கலைன்னு நாங்க எப்படி நம்பறது? உங்க தாத்தா?"

இறந்த தம்பியின் பெயரைச் சந்தையில் போட்டு உடைத்தேன். அதோடு என் தந்தையின் பெயரும் விரிசல் கண்டது. இளைய நடுவர் தயங்கித் தயங்கிச் சொன்னார்: "தப்பா எடுத்துக்காதீங்க ஐயா. இந்த வரி எனக்குச் சின்ன வயசுலயே மனப்பாடம். எங்க தீவுல எல்லாரும் இப்படித்தான் பாடுறாங்க. உங்களோடதுதான் எங்களுக்குப் புதுசா இருக்கு."

ஆட்டுமுனை பித்யோனுக்குப் போயிற்று.

கிளைத்தோ அழவில்லை, ஏசவும் இல்லை. துறைவரை வந்து அத்திப்பழ மூட்டையைப் படகில் வைத்தாள்.

"உண்மையத்தான் சொன்னீங்க. சித்தப்பாவ விட்டுக்கொடுத்துச் சொன்னீங்க. அதுக்காக எங்களையும் விட்டுக்கொடுக்காம இருந்திருக்கலாம்."

கோடை பாதி போவதற்குள் தண்ணீரில்லாமல் அவள் வீட்டில் எண்பது ஆடுகளை அறுத்தார்கள் என்று ஒரு படகோட்டி சொன்னான். அவளிடமிருந்து சேதி இல்லை.

மறு வசந்தத்தில் தேலோஸ் திருவிழாவில் எல்லாத் தீவுக்காரர்களுக்கும் முன்னால் நான் பாடினேன். எவோயாவின் கப்பல்களைச் சொல்லி முடித்து அடுத்த வரிக்கு வாயைத் திறந்தேன். அதற்குள் கூட்டம் என் தம்பியின் வரிகளைப் பாட ஆரம்பித்தது. கேலி இல்லை. கிழவன் மறந்துவிட்டான், எடுத்துக்கொடுப்போம் என்ற அன்புதான். முன்வரிசையில் ஒரு பெண் என்னைப் பார்த்துத் தலையாட்டி உற்சாகப்படுத்தினாள்.

அவர்கள் இரண்டு வரியையும் முடிக்கும்வரை நின்றேன். பிறகு விட்ட இடத்திலிருந்து தொடர்ந்தேன்.