நாற்பத்தைந்து மீற்றருக்கு நாலு செக்கன்

நாலு… எப்படி நாலு வரும், பர்ஹா கேள்வியை மறுபடியும் வாசித்தாள், நாற்பத்தைந்து மீற்றர் உயரமான கட்டடத்தின் உச்சியிலிருந்து ஒரு கல் கைவிடப்படுகிறது, நிலத்தை அடைய எவ்வளவு நேரம், புவியீர்ப்பு ஆர்முடுகல் பத்து, அப்படியென்றால் மூன்று செக்கன்தானே… பக்கத்தில் இருப்பவரோடு பேப்பரை மாற்றித் திருத்தச் சொல்லியிருந்தார் சுமன் சேர், அதனால்தான் நதீஷாவின் விடைத்தாள் இவள் கையில், பாவம், அவசரத்தில் எங்கேயோ சறுக்கியிருப்பாள், செய்த வழிக்காவது ஒரு புள்ளி போடலாம் என்று தேடினால் அங்கே நாற்பத்தைந்தே இல்லை, எண்பது என்று இருந்தது, ஒரு வெட்டுக்கூட இல்லாமல், முத்து முத்தான கையெழுத்தில். எண்பது எங்கிருந்து வந்தது? “கொட்டாஞ்சேனை கிளாசுக்குப் போன கிழமை எண்பது மீற்றர் குடுத்தனான், உங்களுக்கு நம்பரை மட்டும் மாத்தினனான்,” என்று சேர் பலகையில் எழுதியபடி சிரித்தார். கொட்டாஞ்சேனை… நதீஷாவின் வீடு அங்கேதானே, அந்த வகுப்புக்குப் போகும் மச்சாளும் அதே வீட்டில்தானே…

“எத்தின சரி?” நதீஷா காதோரம் கேட்டாள். மூன்றாவது கேள்வி பிழை என்று பர்ஹா சொன்னதும், “எப்பிடி, நாலுதானே?” என்றாள். “எண்பதெண்டா நாலு,” என்றாள் பர்ஹா. நதீஷாவின் முகம் சிவந்தது, பிறகு மெல்ல, “மச்சாள்தான் பேப்பர் தந்தா… உனக்கு அது தேவையில்லத்தானே டீ, நீ எப்பிடியும் செய்வாய்.” தேவையில்லைதான். கல்லைக் கைவிட்டால் தொடக்க வேகம் பூச்சியம், எறிந்தால் பூச்சியமில்லை என்று தன் வெள்ளவத்தை வீட்டு மேசையில் ஒரு மாதமாக இவள் தொண்டை கிழியக் கத்தியதும், அவள் விளங்குது விளங்குது என்று தலையாட்டியதும்கூடத் தேவையில்லாததுதானா… பர்ஹா சிவப்புப் பேனையின் மூடியைத் திறந்து திறந்து மூடினாள். பேப்பரைப் பாடமாக்கியதைக்கூட மன்னித்துவிடலாம். ஆனால் நேற்றுப் பின்னேரம் போன் எடுத்து, நாளைக்கு என்ன கணக்கு டீ வரும் எண்டு நினைக்கிறாய், என்று கேட்டாளே, பேப்பரைக் கையில் வைத்துக்கொண்டு… இவளும் யோசித்து யோசித்து ஒவ்வொன்றாய்ச் சொல்ல, கடைசிவரை ம்… ம்… என்று கேட்டுக்கொண்டிருந்தாளே, எதற்காகக் கேட்டாள்? வரப்போகும் கணக்கை நானே கண்டுபிடித்துச் சொல்லிவிட்டால் அவள் சொல்லவேண்டி வராது என்றா, இல்லை… அதை நான் கண்டுபிடித்துவிடக்கூடாதே என்றா?