எடை சொல்கிறவன்

சால்ட் லேக்கில் ஒரு ஓட்டலின் கீழ்த்தளத்து ஹாலில் ஜட்டியோடு எடை மெஷின் மேல் நின்றுகொண்டிருந்தேன். ஏசி குளிர் முதுகில் ஊசி ஊசியாகக் குத்தியது. நாக்கு மேலண்ணத்தில் ஒட்டிக்கொண்டிருந்தது, பிரித்தால் தோலோடு வரும் போல. பின்னால் பேனர். அதில் சைதன்யாவின் பெயர் பெரிசு, துரைசாமி என்கிற என் பெயர் சின்னது. மறுநாள் மதியம் எங்கள் இரண்டு பேருக்கும் கிழக்கு மண்டல பெல்ட்டுக்கான குத்துச்சண்டை. நாற்பத்தொன்பது கிலோ பிரிவு, அதற்கு மேல் ஒரு பிடி தாண்டினாலும் பெல்ட் கிடையாது. எனக்கு வயது முப்பத்தைந்து ஆகப்போகிறது. இந்த எடையில் இந்த வயதுக்கு மேல் யாரும் கூப்பிட மாட்டார்கள். கூப்பிட்டாலும் வளர்கிற பையன்கள் அடித்துப் பழகுவதற்குத்தான் கூப்பிடுவார்கள்.

காலையில் ஹவுராவில் எங்கள் கிளப் மெஷினில் ராஜ்மோகன் பார்த்துச் சொன்னபோது அரைக் கிலோ கூட இருந்தது. அதற்காகப் பிளாஸ்டிக் மழைக்கோட்டு போட்டுக்கொண்டு படகுத்துறைப் படியில் ஏறி இறங்கினேன். வாயில் எச்சில் வற்றுகிறவரை துப்பினேன். அப்புறம்தான் பஸ் ஏறினேன். வழக்கம்போல இப்போதும் சுவரைப் பார்த்துக்கொண்டு மூச்சடக்கி நின்றேன்.

"நாற்பத்தாறு எழுநூறு," என்றார் எடை பார்க்கிற அதிகாரி.

யாரோ கைதட்டினார்கள். சைதன்யா துண்டைக் கட்டிக்கொண்டு பக்கத்தில் நின்றான். இருபத்திரண்டு வயசு, உதட்டில் வெடிப்புகூட இல்லை. "என்ன காக்கு, ஒரு வாரமா வீட்டுல சோறு போடலியா?" என்று சித்தப்பாவைக் கூப்பிடுகிற மாதிரி வங்காளியில் கேட்டான். எல்லாரும் சிரித்தார்கள். கெட்ட பையன் இல்லை, சும்மா வாய். நான் இறங்கி மறுபடி ஏறி நின்றேன். இந்தத் தடவை குனிந்து பார்த்தேன். சிவப்பு எண்கள் கொஞ்சம் துடித்துவிட்டு அதே இடத்தில் நின்றன, எல்லைக்கு இரண்டு கிலோவுக்கும் கீழே. நிமிர்ந்து ராஜ்மோகனைத் தேடினேன். அவன் என் சட்டையை மடித்துக்கொண்டிருந்தான். மடித்த சட்டையைப் பிரித்து மறுபடி மடித்தான்.

ராஜ்மோகன் என் மனைவி தேவிப்ரியாவின் அண்ணன். அதற்கும் முன்னால் சிநேகிதன். இரண்டு பேர் அப்பாவும் விழுப்புரம் பக்கத்திலிருந்து ரயில்வேயில் தண்டவாள வேலைக்கு வந்து இங்கேயே தங்கிப்போனவர்கள். அவன் பள்ளிக்கூடம் போனான், நான் பைப் குடோனில் லோடு தூக்கப் போனேன். அவனும் சண்டை போட்டவன்தான். கண்ணில் அடிபட்டு டாக்டர் நிறுத்திவிட்டார், அதிலிருந்து எனக்குத் துணை நின்றான். அப்போது கிளப்பில் முள் ஓடுகிற பழைய மெஷின். ரூபாய் நோட்டை நிறத்தை வைத்துச் செலவு பண்ணுகிறவனுக்கு அந்தச் சின்னச் சின்னக் கோடுகளைப் படிக்கத் தெரியவில்லை. எல்லார் முன்னாலும் முழித்துக்கொண்டு நின்றேன். ராஜ்மோகன் தோளில் தட்டி, "நீ நிமிந்து நில்லு மாப்ளே, பாக்கறது என் வேலை" என்றான். மற்றவர்களிடம் அதுதான் முறை என்று சொல்லிவிட்டான். அப்படித்தான் அது கிளப் முறையாகவே ஆனது. நிற்கிறவன் பார்க்க மாட்டான், துணை நிற்கிறவன் பார்த்துச் சொல்லுவான். கல்யாணத்துக்கு அப்புறம் தேவிப்ரியா பஸ் போர்டையும் சோப்பு உறையையும் காட்டிக்காட்டி எனக்கு எழுத்தும் எண்ணும் சொல்லிக்கொடுத்தாள். அதற்கப்புறமும் நான் மெஷினைக் குனிந்து பார்த்ததில்லை. பார்ப்பது அவன் முகத்தில் துப்புவது மாதிரி என்று நினைத்திருந்தேன்.

ஓட்டலுக்கு வெளியே கரும்புச்சாறு வண்டி நின்றது. எடை பார்த்த பிறகு குடிக்கலாம். ராஜ்மோகன் இரண்டு கிளாஸ் வாங்கி நீட்டினான். கொஞ்சம் கொஞ்சமாகக் குடித்தேன், வயிறு வாங்க மறுத்தது. அப்போதே தெரிந்துவிட்டது. ஒரு கிலோ காய்ந்த உடம்பு ஒரு நாளில் திரும்பும். இப்படி எலும்புவரை காய்ந்தது திரும்பாது. இரண்டு வாரமாக லோடு தூக்கும்போது கண் இருட்டியது, வயசு என்று நினைத்துக்கொண்டேன். தொடையில் சதை இழுத்தது, அதையும் வயசுக் கணக்கில் சேர்த்தேன். ஒவ்வொரு நாளும் அவன் "இன்னும் இறங்கல மாப்ளே" என்பான். நான் சாப்பாட்டுத் தட்டைத் தள்ளிவைப்பேன். என் உடம்பே கையைப் பிடித்து இழுத்துச் சொல்லியிருக்கிறது. நான் அதை நம்பாமல் அவனை நம்பியிருக்கிறேன்.

"மச்சான், நம்ம மெஷின் கெட்டுப்போச்சா?" என்று கேட்டேன். ஆமாம் என்று சொல்லியிருந்தால் நம்பியிருப்பேன். நம்பத் தயாராகத்தான் நின்றேன்.

அவன் காலி கிளாஸைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஹால்தார் பாபு இங்க செக்டர் ஃபைவ்ல புது ஜிம் திறக்கறாரு. சைதன்யா அவரு பையன் மாதிரி. அவன் ஜெயிச்சா என்னைய கோச்சா வெச்சுக்கறேன்னாரு."

"அதுக்கு?"

"நீ தோத்தா திரும்பி லோடு தூக்கப் போவ. ஜெயிச்சாலும் அடுத்த வருஷம் லோடுதான். நான் எங்க போவேன் சொல்லு. ஒத்தக் கண்ண வெச்சுக்கிட்டு." காலி கிளாஸை வண்டியில் வைத்துவிட்டு, "உன்ன அடி வாங்கவிட மாட்டேன் மாப்ளே. நாலாவது ரவுண்டுலயே துண்ட வீசி நிறுத்திடலாம்னுதான் இருந்தேன்" என்றான்.

அதைச் சொன்னபோது அவன் குரலில் அக்கறை இருந்தது. அதுதான் எனக்குத் தாங்கவில்லை. காசுக்கு விற்றிருந்தால் திட்டிவிட்டுப் போயிருப்பேன். இவன் எனக்கு வலிக்காமல் அறுக்க இடம் பார்த்து வைத்திருக்கிறான். ஹவுரா பஸ் வந்தது. அவன் முன்னால் உட்கார்ந்தான், நான் பின்னால். அவன் பிடரியைப் பார்த்துக்கொண்டே வந்தேன். அவனை விலக்கவும் முடியாது. லைசென்ஸ் உள்ள ஒருவன் ரிங் மூலையில் நிற்காவிட்டால் சண்டையே நடக்காது. எங்கள் கிளப்பில் அது அவனிடம் மட்டும்தான் இருக்கிறது.

வீட்டில் தேவிப்ரியா கஞ்சி வைத்திருந்தாள். உப்பும் சர்க்கரையும் போட்டு ஆற்றிக் கொடுத்தாள். என் விலாவைப் பார்த்துவிட்டு, "எவ்ளோ இருந்துச்சு?" என்றாள்.

சொன்னேன்.

"காலைல அண்ணன் எவ்ளோன்னு சொல்லுச்சு?"

அதையும் சொன்னேன். வேறு எதுவும் சொல்லவில்லை. அவள் அடுப்பை அணைத்துவிட்டு அதன் முன்னாலேயே நின்றாள். முதுகு மட்டும் தெரிந்தது. பிறகு, "நாளைக்கு நானும் வரேன்" என்றாள். இத்தனை வருஷத்தில் என் சண்டைக்கு அவள் வந்ததே இல்லை. ரத்தம் ஆகாது.

மறுநாள் அவள் கரியாஹாட் கடைவீதியில் பூஜைக்கு எடுத்த ஊதாப் புடவையில் வந்து, எங்கள் மூலைக்கு நேர் பின்னால், கயிற்றிலிருந்து கை நீட்டினால் தொடுகிற இடத்தில் நின்றாள். உட்காரச் சொன்னார்கள், உட்காரவில்லை. ராஜ்மோகன் ஒரு தடவை திரும்பி, "நீ எங்க இங்க? வீட்டுக்குப் போ பாப்பா" என்றான். "நீ உன் வேலையப் பாருண்ணே" என்றாள். அதற்கப்புறம் அவன் அந்தப் பக்கம் திரும்பவில்லை.

முதல் இரண்டு ரவுண்டு கை சொன்னபடி கேட்டது. மூன்றாவதில் கால் கனத்தது. நேற்று நாற்பத்தொன்பதுக்குள் நின்ற சைதன்யா ராத்திரி முழுக்கத் தின்று குடித்து ஒரு சுற்றுப் பெருத்து வந்திருந்தான். அவன் அடி ஒவ்வொன்றும் பைப் கட்டு சரிந்து விழுகிற மாதிரி விழுந்தது. நாலாவதில் கயிற்றோடு சாய்த்துவைத்து அடித்தான். நான் கைகளுக்கு நடுவே தலையை வைத்துக்கொண்டு, துண்டு வந்து விழும் விழும் என்று காத்திருந்தேன். விழ வேண்டும் என்று ஒரு மனசு, விழுந்தால் ராஜ்மோகனைக் கொன்றுபோடுவேன் என்று ஒரு மனசு. விழவில்லை. மணி அடித்தது. திரும்பிப் பார்த்தபோது துண்டு அவன் தோளிலேயே கிடந்தது. அதன் ஒரு முனை தேவிப்ரியாவின் கையில் இருந்தது. அவள் அதை இழுக்கவும் இல்லை, விடவும் இல்லை.

ஐந்து, ஆறு, ஏழு எப்படிப் போனது என்று சரியாக நினைவில்லை. நடுவில் சைதன்யாவும் களைத்தான். என்னைக் கீழே தள்ள முடியாத கடுப்பில் அகலமாக வீசினான். உள்ளே புகுந்து நாலைந்து தடவை உடம்பில் போட்டேன். ஒரு தடவை அவன் 'ஹும்' என்று காற்று விட்டது என் காதில் கேட்டது. ஹாலில் யாரோ என் பெயரைச் சொல்லிக் கத்தினார்கள்.

கடைசி ரவுண்டுக்கு முன்னால் ஸ்டூலில் உட்கார்ந்தேன். ராஜ்மோகன் என் முன் மண்டியிட்டு, வாயில் தண்ணீரை வைத்தான். பாதி உள்ளே போனது, பாதி மார்பில் வழிந்தது. அவன் நல்ல கண் சிவந்திருந்தது. "புள்ளி சமமா போவுது மாப்ளே. இந்த ரவுண்டு உனக்குன்னா பெல்ட் உனக்கு. அவனுக்கு இடது விலா போயிடுச்சு. அந்தக் கைய இறக்கி மறைக்கறான் பாரு. வலது கைய முகத்துலருந்து எடுத்துட்டு உள்ள போ. முகத்தத் திறந்துட்டுப் போனாலும் பரவால்ல, போய் அங்க அடி."

முகத்தைத் திறந்துகொண்டு உள்ளே போனால், விலா சரியாக இருக்கிறவனிடம் ஒரு அடியில் முடிந்துபோவேன். இத்தனை வருஷமும் ரிங்குக்குள் எனக்கு இவன் சொல்தான் கண். அதை யோசித்ததே இல்லை, காது கேட்டால் கை போய்விடும். இப்போது ஒவ்வொரு சொல்லையும் திருப்பித் திருப்பிப் பார்த்தேன்.

"சத்தியமா மாப்ளே," என்றான்.

அவன் என்னிடம் இதற்கு முன்னால் சத்தியம் செய்ததில்லை. தேவை வந்ததில்லை. அவன் தலைக்கு மேலாகத் தேவிப்ரியாவைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. அண்ணனின் உச்சந்தலையைப் பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் முகத்திலிருந்து என்னால் ஒன்றும் படிக்க முடியவில்லை.

பல் கவசத்தை வாயில் திணித்தான். ஸ்டூல் போய்விட்டது. மணி.

சைதன்யா மெதுவாக நடுவுக்கு வந்தான். இடது முழங்கை உடம்போடு ஒட்டியிருந்தது. வலியை மூடிக்கொண்டு வருகிறானா, என்னை உள்ளே வரவழைக்கக் காத்திருக்கிறானா, தெரியவில்லை. விளக்கு வெளிச்சத்தில் அவன் விலாவில் வியர்வை ஒரு கோடாக இறங்கி, அந்த முழங்கைக்கு அடியில் போய் மறைந்தது. நான் வலது கையை முகத்திலிருந்து எடுத்தேன்.