கீழ்த்தட்டு எலிகள்

திரையில் எலிகளின் ஈரல்கள் பெரிதாகத் தெரிந்தன. காய்ச்சல் மாத்திரையை அளவுக்கு மீறிக் கொடுத்ததில் ஒரு வரிசை வெளிறித் திட்டுத்திட்டாகக் கிடந்தது. அதே மாத்திரையோடு சீரியம் என்ற உலோகத்தின் நுண்துகள் ஊசியும் போட்ட வரிசையோ செக்கச்செவேலென்று இருந்தது. பேராசிரியர் கோங் கைதட்டினார். சாங்ஷா நகரின் அந்த ஆய்வகத்தில் முதுகுக்குப் பின்னால் அவருக்குப் பெயர் முதலாளி. முதலாளி தட்டினால் எல்லாரும் தட்ட வேண்டும்.

ஆராய்ச்சி மாணவி ருயீ தட்டவில்லை. ஆய்வோ அவளுடையது. கட்டுரை வெளிவந்தால்தான் அவளுடைய ஐந்து வருட உழைப்புக்குப் பட்டம்.

“நாளைக்கே அனுப்பிடலாம். கையெழுத்துப் போடும்மா” என்றார் கோங்.

“மாட்டேன் சார்.”

சட்டைப்பையிலிருந்து எடுத்து மேசைமேல் கொட்டினாள். சூரியகாந்தி விதைத் தோல்.

“ஊசி போட்ட எலிங்க கூண்டுல கிடந்துச்சு.”

சோதனைக்கு முன் எலிகளைப் பட்டினி போட வேண்டும். வயிறு நிறைந்த எலியின் ஈரல் அந்த மாத்திரையை ஓரளவு தானே தாங்கிவிடும். கூண்டு கழுவும் பாங் அக்காவுக்கு மனசு கேட்கவில்லை. குள்ளமான மனுஷி, கைக்கு எட்டிய கீழ்த்தட்டுக்கு மட்டும் விதையை அள்ளிப் போட்டிருக்கிறார். ஊசி போட்ட எலிகள் இருந்தது கீழ்த்தட்டில். “வாயில்லா ஜீவன்டி, பாவம்” என்று ருயீயிடம் கூசாமல் ஒத்துக்கொண்டார்.

“தோலைக் குப்பையில போடு” என்றார் கோங். “கட்டுரை இல்லேன்னா பட்டம் இல்ல, தெரியும்ல?”

“தெரியும். நாளைக்கு மாத்திரையை அள்ளி முழுங்கிட்டு ஒருத்தி வருவா சார். அவளுக்கு ஊசி போடுவோமா, விதை குடுப்போமா?”

யாரோ களுக்கென்று சிரித்தார்கள். கோங்கின் முகம் சிவந்தது.

“நீ கையெழுத்துப் போடலேன்னா கட்டுரையில முதல் பேரு யாரோடது?”

“பாங் அக்கா பேரைப் போடுங்க. எலியைக் காப்பாத்தினது அவங்கதானே!”

அதன்பின் ஒரு மாதம் கோங் அவளிடம் முகங்கொடுத்துப் பேசவில்லை. போகட்டுமே! புது எலிகளை வாங்கி, ஊசி போடுவது, போடாதது என்று இரண்டு வகையையும் மேல்தட்டில் கலந்து வைத்தாள். கூண்டு அலமாரிக்குப் பூட்டுப் போட்டது பாங் அக்காதான். “நீயெல்லாம் ஒரு பொண்ணா” என்று திட்டிக்கொண்டே போட்டார்.

இம்முறை ஊசி போடாத பத்தில் ஒரு ஈரலும் தேறவில்லை. போட்ட பத்தில் நாலு தேறின.

“நாலா?” கோங் தாளைத் தள்ளினார். “இதை எவன் மதிப்பான்?”

“மதிக்காட்டிப் போகட்டும் சார். இந்த நாலும் விதை தின்னு பொழைக்கல.” தாளை அவர் பக்கமே திரும்பத் தள்ளினாள். “நான் கையெழுத்துப் போட்டுட்டேன். நீங்க போடுறீங்களா?”